உப்புக் காற்றில் இரண்டு கோடி ரூபாய்

இரண்டு கோடி ரூபாயை ஒட்டிய விலையில் வாங்கிய புது ஸ்போர்ட்ஸ் காரின் இடப்பக்கக் கதவுக்கும் அதை அடுத்த தகட்டுக்கும் இடையே ஓடும் கோடு, வலப்பக்கக் கோட்டைவிட ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தால், அதனால் வண்டியின் ஓட்டம் சிறிதும் கெடுவதில்லை. உரிமையாளரின் உறக்கம்தான் கெடுகிறது. பத்து லட்ச ரூபாய் வண்டியில் இதே வேறுபாட்டை வாங்கியவர் கவனிப்பதே அரிது, கவனித்தாலும் இந்த விலைக்கு இவ்வளவுதான் என்று விட்டுவிடுவார். விலை ஏற ஏறக் குறையைப் பொறுக்கும் மனம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆனால் விலை ஏறுவதாலேயே குறைகள் குறைந்துவிடுவதில்லை. ஆடம்பர ஸ்போர்ட்ஸ் கார்களைச் சுற்றி எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதே வேர்.

இதற்குக் காரணம் தொழிற்சாலையின் அளவில் இருக்கிறது. ஒரே மாதிரியை ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செய்யும் ஆலையில், தகட்டை அழுத்தி வடிவம் தரும் அச்சு ஒன்று இம்மியளவு பிசகினாலும் அன்றைக்கே ஆயிரம் வண்டிகளில் அது வெளிப்பட்டுவிடும் என்பதால், அளவுகள் இயந்திரத்தால் ஓயாமல் சரிபார்க்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. ஆண்டுக்குச் சில ஆயிரம் வண்டிகள் மட்டுமே செய்யும் ஆலையிலோ, தோலுறை தைப்பது முதல் கதவைப் பொருத்துவது வரை கைவேலை மிகுதி. வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் நிறம், இருக்கை, சக்கரம், தையல்நூல் என்று தெரிவுகள் பெருகுவதால் ஏறத்தாழ ஒவ்வொரு வண்டியும் தனிப்படைப்பாகவே வெளிவருகிறது. தனிப்படைப்புக்கு உயர்ந்த விலை கொடுப்பவர், அதில் இயந்திரத்தின் துல்லியத்தையும் சேர்த்தே எதிர்பார்க்கிறார். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் 1987 முதல் நடத்திவரும் தொடக்கத் தர ஆய்வு, வண்டி வாங்கிய முதல் 90 நாட்களில் 100 வண்டிகளுக்கு எத்தனை குறைகள் சொல்லப்பட்டன என்று கணக்கிடுவது. அதில் அண்மை ஆண்டுகளில் ஆடம்பர வகை வண்டிகள் சாதாரண வகை வண்டிகளைவிடக் கூடுதல் குறைகளையே காட்டிவந்திருக்கின்றன. திரைகளும் மின்னணு வசதிகளும் மிகுந்த வண்டியில் பழுதாவதற்கும் அதிகம் இருக்கிறது என்பதே இதன் எளிய விளக்கம்.

உரிமையாளர்கள் முறையிடும் குறைகளில் சில, உண்மையில் அந்த வண்டியின் இயல்பைச் சேர்ந்தவை. வளைவுகளில் சாயாமல் பாய்வதற்காக விறைப்பான சுருள்வில்களும் பக்கச்சுவர் தாழ்ந்த டயர்களும் பொருத்தப்பட்ட வண்டி, சாலையின் ஒவ்வொரு கல்லையும் உடற்கூட்டுக்குள் கடத்தத்தான் செய்யும். அப்போது உள்ளே எங்கோ ஒரு பிளாஸ்டிக் மூடி கடகடப்பது பெரும்பாலும் அந்த விறைப்பின் பக்கவிளைவு. மேற்பூச்சு ஆரஞ்சுத் தோலைப்போல் நுண்ணிய மேடுபள்ளங்களோடு உலர்வது உலகின் பெரிய ஆலைகளிலும் காணப்படுவது, அதில் எந்த அளவு ஏற்கத்தக்கது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எனினும் பூச்சு வழிந்து உறைந்திருப்பதையும், மடக்குக்கூரையின் வழியே மழைநீர் ஒழுகுவதையும், முதல் மாதத்திலேயே திரை அணைந்துபோவதையும் கைவேலையின் அழகு என்று விற்பனையாளர் விளக்கும்போது, வாங்கியவர் சினம் கொள்வதில் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் துல்லியம் என்ற ஒரே பண்பை முன்வைத்து விற்றுவிட்டு, விற்ற பிறகு கைவேலையைக் காட்டி ஒதுங்குவது நேர்மையான வாணிகம் ஆகாது.

கண்ணுக்குத் தெரியும் இக்குறைகளைவிடக் கண்ணுக்குத் தெரியாதவையே வரலாற்றில் பெரும் சேதம் விளைவித்தன. 2010-இல் ஃபெராரி 458 இத்தாலியா வண்டிகள் சில தீப்பற்றி எரிந்தபோது, பின்சக்கர வளைவில் வெப்பத்தடுப்புத் தகட்டை ஒட்டப் பயன்பட்ட பசையே சூட்டில் எரியத் தொடங்கியது என்று கண்டறியப்பட்டு, 1,248 வண்டிகள் திரும்பப் பெறப்பட்டுப் பசைக்குப் பதில் உலோகப் பிணைப்பு இடப்பட்டது. 2014 தொடக்கத்தில் போர்ஷே தன் புதிய 911 ஜிடி3 வண்டிகள் 785-ஐயும் ஓட்டாமல் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் கோலில் ஒரு திருகு தளர்ந்து, எஞ்சின் உறையைச் சேதப்படுத்தி, கசிந்த எண்ணெய் தீப்பற்றியதே காரணம் என்று தெரிந்தபின் அத்தனை வண்டிகளுக்கும் புது எஞ்சின் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு ஆஸ்டன் மார்ட்டின் 17,590 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2007 இறுதிக்குப் பின் அந்நிறுவனம் செய்தவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு அது. ஆக்சிலரேட்டர் மிதியின் கைப்பகுதி, சீனாவில் துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் வழியாக நுழைந்த போலிப் பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டிருந்தது. பசை, திருகு, பிளாஸ்டிக் என்று மூன்று இடங்களிலும் தவறியது மிக மலிவான ஒரு பொருள்.

இவ்வளவும் ஆலைக்குள் பிறக்கும் குறைகள். வண்டி ஆலையை விட்டு வெளியேறி, அதை வடிவமைத்தவர்கள் ஒருபோதும் பார்த்திராத ஓர் ஊருக்கு வந்து நின்ற பின் பிறக்கும் குறைகள் வேறொரு வகை. அவற்றைப் பார்ப்பதற்கு இராமநாதபுரம் மாவட்டத்தின் உப்பூரைப்போல் பொருத்தமான இடங்கள் குறைவு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேல், பாக் நீரிணையை ஒட்டி அமைந்த இவ்வூர், வெயிலுகந்த விநாயகர் கோயிலால் பெயர்பெற்றது. இராமபிரான் சேதுவை அணைக்கப் புறப்படுமுன் இங்கே வழிபட்டார் என்பது தலமரபு ஆதலால், தேவிபட்டினத்து நவபாஷாணத்துக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் யாத்திரிகர்களின் வண்டிகள் இங்கே நின்று செல்வது வழக்கம். சென்னையிலிருந்து கடலோரமாகவே ஓட்டிவர விரும்பும் வசதிபடைத்தோரின் தாழ்ந்த, அகன்ற, உறுமும் வண்டிகளுக்கும் இதுவே வழி. இருமருங்கும் திறந்த வெளியும் நேராக நீளும் தாரும் கொண்ட இச்சாலை விளம்பரப்படத்தில் வரும் சாலையைப் போலவே தோற்றமளிப்பது ஒரு வசதி. மற்ற எல்லாவகையிலும் இப்பகுதி அவ்வண்டிகளுக்குச் சோதனைக்கூடம்.

முதற்சோதனை காற்று. ஐப்பசி தொடங்கித் தை வரை வீசும் வாடையும், கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் கடல்நீரின் நுண்துளிகளைக் கரைமேல் ஏற்றிக் கொண்டுவந்து படியவைக்கின்றன. திருப்பாலைக்குடி வட்டாரத்து உப்பளங்களின் அருகே அந்தப் படிவு இன்னும் கூடுதல். ஈரமும் உப்பும் சேர்ந்த படலம் மின்னைக் கடத்தும் கரைசலாக இயங்குவதால், வேறுவேறு தன்மையுள்ள இரண்டு கடத்திகள் அப்படலத்துக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சிறு மின்கலமே உருவாகி, அவற்றுள் வினைத்திறன் மிக்கது மெல்லக் கரைந்துபோகிறது; இதற்கு மின்வேதி அரிமானம் என்று பெயர். எடையைக் குறைப்பதற்காக அலுமினியம், மக்னீசியம், எஃகு, கார்பன் இழை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒட்டியும் திருகியும் கட்டப்படும் ஸ்போர்ட்ஸ் காரில் இத்தகைய சந்திப்புகள் சாதாரண எஃகு வண்டியில் இருப்பதைவிட மிகுதி. கார்பன் இழையோடு அலுமினியம் நேரடியாகத் தொட்டால் கரைவது அலுமினியமே என்பதால், நடுவே காப்புப் படலம் இடுவதும் பூச்சிட்ட திருகுகளைப் பயன்படுத்துவதும் வடிவமைப்பின் கட்டாயம். அந்தப் படலம் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால், உலர்ந்த ஊரில் பத்து ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடிய குறை உப்பூரில் இரண்டு மழைக்காலத்துக்குள் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும்.

ஐரோப்பிய நிறுவனங்களுக்கு உப்பு புதிதன்று. பனிக்காலச் சாலைகளில் அங்கே உப்பைத் தூவுவதால், போர்ஷே 1970-களின் நடுவிலேயே 911-இன் உடற்கூட்டை முழுவதும் துத்தநாகப் பூச்சிட்ட எஃகால் செய்யத் தொடங்கியது. ஆனால் உறைநிலைக் குளிரில் சில மாதங்கள் அடியில் தெறிக்கும் உப்புக்கும், 35 பாகை வெப்பத்தில் ஆண்டு முழுவதும் நாற்புறமும் படியும் உப்புக்கும் வேறுபாடு உண்டு. வேதிவினைகள் சூட்டில் விரைவு கொள்ளும், இரவு முழுவதும் வெளியே நின்ற வண்டியின் வார்ப்பிரும்புப் பிரேக் தட்டு காலையில் செம்மைபடிந்து கிடப்பதை இக்கடற்கரையில் யாரும் காணலாம். (அது மேலோட்டத் துரு, நான்குமுறை பிரேக் அழுத்தினால் போய்விடும், ஆயினும் டெலிவரி எடுத்த மறுநாளே அதைக் கண்டு சர்வீஸ் நிலையத்தைத் தொலைபேசியில் அழைக்காத உரிமையாளர் அரியவர்.) இக்கரையின் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்பது அறிவியலுக்குப் பழகிய செய்தி: காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில் அரிமானச் சோதனைக்கென்றே ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட பாம்பன் புதிய ரயில் பாலத்தில் துருவேறாத எஃகு வலுவூட்டலும் பாலிசிலாக்சேன் என்னும் உயர்வகைப் பூச்சும் இடம்பெற்றதற்கும் இந்தக் காற்றே காரணம். பாலம் கட்டியவர்கள் இடத்தைக் கேட்டுவிட்டு வரைந்தார்கள். கார் கட்டுபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அவர்களுடைய வண்டி எந்த ஊரில் போய் நிற்கும் என்பது அவர்களுக்கே தெரியாது.

இரண்டாவது சோதனை வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவையின் 1988-ஆம் ஆண்டு வரையறைப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் வட்டவில்லாக மெல்ல எழுந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் முடிய வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடப்பதற்கான கணக்கு அது. ஊர்முகப்புகளில் விபத்துக்குப் பின் அவசரமாகக் கொட்டப்படும் தடைகளில் உயரம் மட்டும் மிஞ்சும், அகலம் ஒரு மீட்டருக்குள் சுருங்கிவிடும். தரையிலிருந்து 11 அல்லது 12 சென்டிமீட்டர் உயரத்தில் அடிப்பாகம் கொண்ட வண்டிக்கு, வரையறைப்படி அமைந்த தடையே இழையளவு இடைவெளிதான். குறுகலான தடையில் முன்பம்பரின் கீழுதடும் நடுவயிறும் மாறிமாறித் தட்டும். முன் அச்சை நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்தித் தரும் நீரியல் தூக்கி பல மாதிரிகளில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் மூக்கைத் தூக்குமே தவிர வயிற்றைக் காக்காது. தட்டியதால் அடிமூடி தளர்ந்து எழும் சத்தம் தயாரிப்புக் குறையா, ஓட்டியவரின் கவனக்குறைவா என்ற வாதம் சர்வீஸ் நிலையத்தில் தொடங்கிவிடும்.

மூன்றாவது எரிபொருள். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, பொறியின் சுடர் வந்து சேர்வதற்கு முன்னரே அழுத்தத்தால் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் ஆற்றலை ஆக்டேன் எண் குறிக்கிறது. ஐரோப்பிய உயர்திறன் எஞ்சின்கள் பெரும்பாலும் 98 எண்ணுக்கு வடிவமைக்கப்படுபவை, இந்தியாவில் பி.எஸ். 6 தரம் நடைமுறைக்கு வந்தபோது சாதாரண பெட்ரோல் 91, உயர்வகை 95 என்று இருந்தது, அதற்கும் மேற்பட்ட 100 எண் பெட்ரோல் பெருநகரங்களின் தேர்ந்த நிலையங்களில் மட்டும் கிடைப்பது. குறைந்த எண்ணுள்ள பெட்ரோல் ஊற்றப்பட்டால், எஞ்சினிலுள்ள உணரி அந்த முன்வெடிப்பைக் கண்டுகொண்டு பொறிவிழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காத்துக்கொள்ளும், விலையாகத் திறனில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும். வண்டியில் பிக்கப் இல்லை என்று உரிமையாளர் சொல்வது அதைத்தான். இதோடு 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வாரக்கணக்கில் கொட்டகையில் நின்று, என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டியின் தொட்டிக்கு, அதிலும் கடலோரத்தில், இது நல்ல செய்தியன்று. ஓடாமல் நிற்பதாலேயே மின்கலம் இறங்குவதும், டயர் ஒருபக்கம் தட்டையாவதும், ரப்பர் அடைப்புகள் உலர்ந்து வெடிப்பதும் ஆடம்பர வண்டிகளின் தனிநோய்கள். தினமும் தொண்டிக்கும் இராமநாதபுரத்துக்கும் ஓடுகிற வாடகை வண்டிக்கு இவற்றில் ஒன்றும் வருவதில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு வரும் வண்டி, இங்கே வருவதற்குமுன் இந்நாட்டில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வாங்குபவர் இயல்பாக எண்ணிக்கொள்கிறார். 2018 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வண்டிகள் வரை, ஐரோப்பிய அல்லது ஜப்பானியத் தரச்சான்று இருந்தால், உள்நாட்டுத் தகுதிச்சோதனையின்றி முழுமையாகக் கட்டப்பட்ட நிலையிலேயே இறக்குமதி செய்ய வழிவிட்டது. ஆண்டுக்குச் சில பத்து வண்டிகள் மட்டுமே விற்கக்கூடிய ஒரு மாதிரிக்காகச் சில வண்டிகளைச் சோதனைக்கென்று அழிப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டுபடியாகாது என்பதால், இச்சலுகை இல்லாவிட்டால் அத்தகைய மாதிரிகளுள் பல இங்கு வந்தே இருக்கமாட்டா. ஆனால் அதன் பொருள், முனிச்சிலோ மரனெல்லோவிலோ சரியென முத்திரையிடப்பட்ட வண்டிக்கு உப்பூரின் மழைக்காலத்தில் முதற்சோதனை நடத்துபவர் அதன் உரிமையாளரே என்பதும் ஆகும். சோதனைக்கான கட்டணத்தையும், வண்டியின் விலையை இருமடங்காக்கும் சுங்கவரியையும் சேர்த்து அவரே செலுத்துகிறார்.

அயல்நாட்டு வண்டியை இந்த மண்ணுக்கேற்பத் திருத்திச் செய்தால் குறைதீரும் என்ற எண்ணத்தைத் தமிழ்நாடு ஒருமுறை செய்தே பார்த்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-இல் தொடங்கப்பட்டு வேன்கார்டு, பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு என்று பிரிட்டிஷ் வண்டிகளைச் செய்துவந்த நிறுவனம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு இந்தியச் சாலைகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒத்துவராததால், பின்னர் வந்த கெஸல் மாதிரியில் அதை எடுத்துவிட்டு ஒரே இரும்பு அச்சாக மாற்றிய அனுபவமும் அதற்கு இருந்தது. 1985-இல் அந்நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 என்ற ஆடம்பர வண்டியை வெளியிட்டது. அதன் உடல், பிரிட்டனில் 1976-இல் வந்த ரோவர் எஸ்டி1. டேவிட் பாக் வரைந்த அந்த உருவம் ஃபெராரி டேட்டோனாவின் முகச்சாயலைத் தழுவியது, 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு ஓடியது, 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது.

விருதுபெற்ற அந்த ரோவரே தரக்குறைவுக்கும் பெயர்பெற்றது என்பது இங்கே நினைக்கத்தக்கது. பிரிட்டிஷ் லேலண்டின் தொழிற்சச்சரவுகளுக்கு நடுவே பிறந்த அவ்வண்டியில் பூச்சு உரிதலும், சேராத தகடுகளும், நீர்க்கசிவும், மின்சுற்றுக் கோளாறுகளும் வாங்கியவர்களை வாட்டின. சென்னைக்கு வந்தபோது வேறு வகை மாற்றம் நிகழ்ந்தது. அடிப்பாகம் சாலைக்கேற்ப உயர்த்தப்பட்டது; எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்த இடத்தில், 1940-களின் வேன்கார்டு காருக்காக உருவான நான்கு சிலிண்டர், 1,991 சி.சி. எஞ்சின் வைக்கப்பட்டது. அந்த எஞ்சின் குடும்பத்தின் வரலாறு வேடிக்கையானது: அதே குடும்பம்தான் ஒருபக்கம் ஃபெர்குசன் டிராக்டரை உழச்செய்தது, மறுபக்கம் 1953-இன் டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரைப் பறக்கச்செய்தது. ஆகவே அதை இழிந்த எஞ்சின் என்று சொல்ல முடியாது; உறுதியானது, எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டத்தக்கது. ரோவரின் 155 குதிரைத்திறன் இங்கே 83 அளவில் நின்றுபோனதும், கனத்த உடலை அது இழுக்கத் திணறியதும், எரிபொருளை மிகுதியாகக் குடித்ததும்தான் வாங்கியவர்கள் கண்டது. 1988 அளவில் உற்பத்தி நின்றது, ஆலையும் ஓய்ந்தது. எஞ்சியிருந்த உதிரிப்பாகங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டனைச் சேர்ந்த பழைய கார் உதிரி வணிகர்கள் வாங்கிச் சென்றனர். சென்னையில் செய்த ரோவர் பாகங்கள் ரோவர் பிறந்த நாட்டுக்கே மருந்தாகப் போய்ச் சேர்ந்தது இதன் விசித்திர முடிவு.

ஸ்டாண்டர்ட் 2000-ஐத் தோல்வி என்று ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது எளிது, பலரும் அப்படியே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் இடத்துக்கு ஏற்புடைமை என்ற அளவுகோலால் பார்த்தால், உப்பூர்ச் சாலையில் அன்றைய ரோவரைவிட அது நன்றாகவே ஓடியிருக்கும்: உயரம் போதும், எஞ்சின் எந்தப் பெட்ரோலையும் ஏற்கும். வாங்கியவர்கள் அதை மன்னிக்காததற்குக் காரணம், அதன் உருவம் ஒன்றைச் சொன்னது, ஓட்டம் வேறொன்றைச் சொன்னது. ஏறத்தாழ அதே காலத்தில் வந்த கான்டெஸ்ஸாவும் அயல்நாட்டு உடலுக்குள் பழைய அம்பாசிடர் வழி எஞ்சினோடுதான் தொடங்கியது. அது பிற்பாடு இசுசு எஞ்சினைப் பெற்றுப் பிழைத்தது. உரிமையாளரின் எதிர்பார்ப்பு என்பது குறையின்மையின் மீது மட்டும் நிற்பதன்று, வண்டியின் தோற்றம் தரும் வாக்குறுதியின் மீதும் நிற்பது என்பதை இவ்விரு வண்டிகளும் காட்டுகின்றன. இன்றைய வாங்குபவரின் நெருக்கடி இதற்கு நேரெதிர்: வாக்குறுதி முழுதாகக் காப்பாற்றப்படுகிறது, இடம்தான் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

இரண்டுக்கும் நடுவழி ஒன்று இன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. ஆலை, பாகங்களாக வரும் வண்டிகளை இங்கே பூட்டி முடிப்பது. 2021 மார்ச்சிலிருந்து எம்340ஐ என்னும் வேகவகைச் செடானையும் அது பூட்டுகிறது. நான்கு கதவுகளும் கூடுதலான அடியுயரமும் கொண்ட இவ்வகை வண்டி, தூய ஸ்போர்ட்ஸ் கார் விரும்பிகளின் கண்ணுக்குச் சமரசமாகத் தெரியலாம். ஆயினும் இக்கடற்கரையில் வாழ்பவர் வேகத்தையும் நிம்மதியையும் ஒருசேர வாங்க நினைத்தால், அறிவார்ந்த தெரிவு அந்தச் சமரசத்தின் பக்கமே சாய்கிறது.

குறை தீராதபோது வழக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தரத்திலோ அளவிலோ ஆற்றலிலோ தூய்மையிலோ இருக்கவேண்டிய நிலையிலிருந்து எந்தக் குறைவும் குறைபாடே என்று விரிவாக வரையறுக்கிறது. நடைமுறையில் நீதிமன்றங்கள் கேட்பது, அது தயாரிப்பிலேயே பிறந்த குறையா என்பதை. 2006-இல் மாருதி தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் பாகத்தை மாற்றித்தரவே பொறுப்பேற்கும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்வது பொருந்தாது என்று கூறியது. கிளட்ச் கெட்டால் கிளட்ச் மட்டுமே கிடைக்கும் என்ற வழக்கம் அதனால் வலுப்பெற்றது. 2022-இல் காற்றுப்பை விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில் (அவ்வண்டி இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்பு) அதே நீதிமன்றம், மோதலின் விசையைக் கணக்கிட வாங்குபவர் இயற்பியல் வல்லுநராக இருக்கத் தேவையில்லை என்ற கருத்தோடு, வாங்கியவர் பக்கம் நின்றது.

ஆடம்பர வண்டிகளில் 2024 ஜூலை குறிப்பிடத்தக்க மாதம். 2009 செப்டம்பரில் வாங்கப்பட்ட சில நாட்களிலேயே பழுதைக் காட்டிய பி.எம்.டபிள்யூ. 7 வரிசை வண்டி குறித்து, முழுத் தீர்வாக 50 லட்ச ரூபாயை வழங்குமாறு உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இடையில் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்த புதுவண்டி மாற்று விலக்கப்பட்டது. அதே மாதத்தில், உள்தரையின் நடுமேடு பொறுக்கமுடியாதபடி சூடேறிய ஒரு மெர்சிடிஸ் வண்டிக்கு, வண்டியை வாங்கியவரே வைத்துக்கொண்டு 36 லட்ச ரூபாய் திரும்பப் பெறுவது என்று முடிந்தது. இயக்குநர்களின் பயணத்துக்காக ஒரு நிறுவனம் வாங்கிய காருக்கும் நுகர்வோர் என்ற தகுதி உண்டு என்பதும் அதில் நிலைநாட்டப்பட்டது. முன்னதற்குத் தீர்வு வரப் பதினைந்தாண்டு ஆயிற்று. மெர்சிடிஸ் வழக்கில் தேசிய ஆணையம் தீர்ப்பளித்ததே 2007-இல்.

இவ்வழக்குகள் அனைத்திலும் வெளிப்பட்டவை ஆலையில் பிறந்த குறைகள். காற்றாலும் உப்பாலும் எரிபொருளாலும் வேகத்தடையாலும் வருபவற்றை உத்தரவாதப் பத்திரங்கள் பொதுவாகச் சுற்றுச்சூழல் பாதிப்பு, வெளிக்காரணம் என்ற தலைப்புகளில் முன்கூட்டியே கழித்துவிடுகின்றன. திரும்பப் பெறும் கடமையை நிறுவனங்கள்மேல் சுமத்தும் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன, அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை செல்லும். ஆனால் புகார்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தொட்டால்தான் அரசின் விசாரணை தொடங்கும் என்பதால், நாட்டில் இருபதே ஓடும் மாதிரிக்கு, அதிலும் கடலோரத்தில் இரண்டே நிற்கும் மாதிரிக்கு, அவ்விதிகளால் பயன் சிறிது. எனவே உப்பூரிலோ தொண்டியிலோ வண்டி நிறுத்தப்போகும் ஒருவர் பணம் கட்டுமுன் செய்யத்தக்கது, அடிப்பாகத்துக்கும் இணைப்பிகளுக்கும் எத்தகைய அரிமானக் காப்பு தரப்பட்டுள்ளது, உடற்கூட்டுத் துளைத்துரு உத்தரவாதம் கடலோரப் பயன்பாட்டை விலக்குகிறதா, 20 விழுக்காடு எத்தனாலுக்கு எழுத்துவழி ஒப்புதல் உண்டா என்ற மூன்றையும் விற்பனையாளரிடம் கையெழுத்தோடு கேட்டுப்பெறுவது. வண்டியை மறுப்பது டெலிவரித் தாளில் ஒப்பமிட்டபின் கடினமாகிவிடுவதால், பூச்சையும் தகட்டு இடைவெளிகளையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் தேவை.

அதற்குப் பின்னும் வழக்குத்தான் வழி என்றால், இன்னொரு செய்தி காத்திருக்கிறது. 2021 டிசம்பரில் மாற்றியமைக்கப்பட்ட வரம்பின்படி, வாங்கிய விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், இரண்டு கோடி வரை மாநில ஆணையம், அதற்குமேல் நேரே தில்லியிலுள்ள தேசிய ஆணையம். சிறிய கார் வாங்கியவர் இராமநாதபுரத்துக்குப் பேருந்தேறிப் போய் மாலைக்குள் வீடு திரும்பலாம்; இரண்டு கோடிக்கு மேல் கொடுத்தவரின் முறையீடு மட்டும் தில்லிக்குப் போயாக வேண்டும், அங்கே முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, குறையை உரிய ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்கியாயிற்றா என்பதாக இருக்கும்.